மிக்ஸி பிளேடைக் கவனிக்கிறீர்களா?

உங்கள் சமையலறையில் கூர் உள்ள சாமான்கள் மொத்தம் எத்தனை என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? போன வாரம் நான் எண்ணினேன். மிக்ஸிக்கு மூன்று ஜார், மூன்றிலும் பிளேடு. காய் நறுக்கும் கத்தி இரண்டு. பழக் கத்தி ஒன்று. அரிவாள்மணை ஒன்று, அதன் நுனியிலேயே தேங்காய்த் துருவி. கேரட் துருவி, தோல் சீவி, கத்தரிக்கோல். ஆக 11! காலையில் காப்பி போட்டு முடித்ததிலிருந்து ராத்திரி அடுப்பை மூடும் வரை இவற்றோடுதான் நம் கைகள் பழகுகின்றன.

அடுப்பைத் தினம் துடைக்கிறோம். குக்கர் வெயிட்டை ஊதிப் பார்க்கிறோம். ஃப்ரிட்ஜை மாதம் ஒரு முறை கழுவி விடுகிறோம். இந்தப் பதினொன்றை மட்டும், அது பாட்டுக்கு வேலை செய்கிறவரை திரும்பிப் பார்ப்பதில்லை. மிக்ஸி அரைக்காமல் முரண்டு பிடித்தால்தான் "ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வீட்டுக்காரரிடம் நீட்டுகிறோம். அவர் கடைக்குக் கொண்டு போகிறார். கடைக்காரர் ஒரு தொகை சொல்கிறார். அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு மெக்கானிக் படிப்பு தேவையில்லை. வாரத்துக்குப் பத்து நிமிஷம் போதும். பணம் மிச்சமாகும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், விரல் மிச்சமாகும். அதற்காகத்தான் இந்த முறை இதை எடுத்துக்கொண்டேன்.

மிக்ஸி நம் வீட்டுக்கு வந்த கதை

அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த வீடுகளில் பிளேடு என்றால் அரிவாள்மணை ஒன்றுதான். நம் நாட்டுச் சமையலுக்கு ஏற்ற மிக்ஸி வந்ததற்குக் காரணமே ஒரு குடும்பத் தலைவிதான் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1960-களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் மனைவி மாதுரி மாத்தூர் வைத்திருந்த வெளிநாட்டு மிக்ஸி பழுதாகிவிட்டது. இங்கே அதைச் சரிசெய்ய வழியில்லை. 'நம் சமையலுக்குத் தாங்குகிற மாதிரி நீங்களே ஒன்று செய்யக்கூடாதா?' என்ற கேள்வியில் பிறந்ததுதான் சுமீத் மிக்ஸி. கேக் மாவு கலக்கவும் பழரசம் அடிக்கவும் செய்த இயந்திரத்தால் நம் மஞ்சளையும் மிளகையும் பொடிக்க முடியுமா? அதற்கென்றே பலமான மோட்டாரும் பிளேடும் வேண்டியிருந்தன.

பிறகு தமிழ்நாட்டில் மிக்ஸி இல்லாத கல்யாணச் சீரே இல்லை என்றாகிவிட்டது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, குடிசை வீடுகளிலும் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு இயந்திரம் வந்தது. அதை எப்படிப் பராமரிப்பது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கூடவே வந்த சின்னப் புத்தகத்தை அட்டைப் பெட்டியோடு பரணில் போட்டுவிட்டோம்!

முதல் விதி: பிளக்கைப் பிடுங்கு

பிளேடு சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் முதல் விதி இது. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், மறக்கமாட்டீர்கள்.

சில வருஷங்களுக்கு முன் என் கொழுந்தன் மனைவி வீட்டில் நடந்தது. காலை நேரம், தோசைக்குச் சட்னி. பாதி அரைத்துவிட்டு, திருகை 0-வில் வைத்து, மூடியைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த தேங்காயை விரலால் உள்ளே தள்ளியிருக்கிறாள். ஜார் மிக்ஸியின் மேலேயே இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்த மூன்று வயசுப் பிள்ளை, அம்மா திருகுவதைத் தினம் பார்க்கிற பிள்ளை, தானும் ஒரு திருகு திருகிவிட்டது. ஒரே ஒரு நொடிதான். இரண்டு விரல் நுனியிலும் ஆழமான வெட்டு. தையல் போட்டு, ஒரு மாசத்துக்கு அந்தக் கையால் ஒரு டம்ளர் தூக்க முடியவில்லை. விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அது பல நாள் மிக்ஸிச் சத்தம் கேட்டாலே ஓடி ஒளிந்துகொண்டது. எனக்கு அதுதான் விரலைவிட மனசை வலித்தது.

"0-வில்தானே அக்கா இருந்துச்சு?" என்று அவள் கேட்டாள். 0 என்பது ஒரு திருகு தூரத்தில் இருக்கிற ஆபத்து. சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றி, ஜாரைக் கீழே இறக்கின பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். தள்ளுவதற்கு விரல் கூடவே கூடாது. மரக் கரண்டியோ ரப்பர் கரண்டியோ ஒன்றை மிக்ஸிக்குப் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். கைக்கெட்டிய தூரத்தில் கரண்டி இருந்தால் விரல் உள்ளே போகாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், மிக்ஸி ஓடாத நேரத்தில் பிளக் சுவரில் இருக்கவே கூடாது.

இந்த விதி மிக்ஸிக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் பெரியம்மா மகள் வீட்டுக்கு முன்னும் பின்னும் பெரிய புல்தரை. அதை வெட்ட, சின்ன டிராக்டர் மாதிரி மேலே உட்கார்ந்து ஓட்டுகிற ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அடிவயிற்றில் பெரிய பிளேடு சுழலும். அந்தப் பிளேடைத் தொடுவதற்கு முன்னால் சாவியை எடுத்துவிட்டு, எஞ்சினில் உள்ள ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்றி விடுவார்களாம். சாவி இல்லாவிட்டாலும், பிளேடைக் கையால் திருப்பும்போது எஞ்சின் உயிர் பெற்றுவிடக்கூடாது என்பதற்காக. இயந்திரம் பெரிசோ சின்னதோ, மின்சாரமோ பெட்ரோலோ, முதலில் அதன் மூச்சை நிறுத்து, பிறகு கையை வை.

தினசரி கழுவுவது எப்படி?

அரைத்த உடனே கழுவுவது பாதி பராமரிப்பு. சட்னியோ மசாலாவோ காய்ந்து இறுகினால் பிளேடின் அடியில் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். அரைத்ததை வழித்து எடுத்ததும், ஜாரில் கால் பாகம் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மூடியை அழுத்திப் பிடித்து, விட்டு விட்டு நாலைந்து முறை ஓட்டுங்கள். கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் இன்னொரு முறை. பிளேடின் அடி வரைக்கும் அதுவே சுத்தமாகிவிடும்.

நிறைய பேர் ஜாரை மற்றப் பாத்திரங்களோடு தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். இது கூடாது. ஜாரின் அடியில் பிளேடைத் தாங்குகிற தண்டும், அது சுழல்கிற புஷ்ஷும் இருக்கின்றன. அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் ஏறினால் அங்கே துரு பிடிக்கும், பிறகு கசியும். கழுவினதும் அடிப்பாகத்தைத் துணியால் ஒற்றி, ஜாரைக் கவிழ்த்துக் காய விடுங்கள். ஈரத்தோடு மூடி போட்டு வைத்தால் நாற்றமும் வரும், ரப்பர் வளையமும் சீக்கிரம் ஊறிப்போகும்.

வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற நாளில், மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். அதன் இடுக்கில் என்னென்ன குடியிருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே திகைப்பாக இருக்கும். பிளேடின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவில் கொஞ்சம் எலுமிச்சம் சாறு பிழிந்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். பிரஷ்ஷின் காம்பைப் பிடிக்க வேண்டியதுதான், துணியைச் சுற்றின விரலை உள்ளே விடவேண்டாம். துணி விரலைக் காப்பாற்றாது.

கல் உப்பு வைத்தியம்

'மிக்ஸி பிளேடு மழுங்கிவிட்டால் ஒரு கைப்பிடி கல் உப்பைப் போட்டு ஓட்டு, கூராகிவிடும்' என்ற குறிப்பைக் கேள்விப்படாதவர்கள் இருக்கமாட்டார்கள். முட்டை ஓடு என்றும் சொல்வார்கள். இதில் எவ்வளவு உண்மை?

உப்பு எஃகைவிட மிகவும் மெதுவான பொருள். மெதுவான பொருள் கெட்டியான பொருளைத் தீட்ட முடியாது. வெண்ணெயில் தேய்த்துக் கத்தியைக் கூராக்க முடியுமா? அப்படியானால் உப்பு ஓட்டினதும் நன்றாக அரைக்கிறதே, அது எப்படி? பிளேடில் படிந்திருந்த பிசுக்கை உப்புக் கற்கள் உரசி எடுத்துவிடுகின்றன. சுத்தமான பிளேடு நன்றாக வெட்டுகிறது. அவ்வளவுதான் சங்கதி. ஆகவே உப்பு போடுவது தப்பில்லை, சுத்தம் செய்வதற்கு நல்லது. ஆனால் ஓட்டின கையோடு இரண்டு தண்ணீர் விட்டு அலசித் துடைத்துவிட வேண்டும். உப்பு ஈரத்தோடு தங்கினால் எவர்சில்வரிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பொடி அரைக்கிற பிளேடு, கத்தி மாதிரி கூராக இருக்க வேண்டியதே இல்லை. நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றுகிற வேகத்தில், மிளகாயையும் மல்லியையும் அது அடித்து நொறுக்குகிறது. நம் உலக்கைக்குக் கூரா இருந்தது? எனவே 'பொடி நைஸாக வரவில்லை, பிளேடு மழுங்கிவிட்டது' என்று முடிவு கட்டுவதற்கு முன், சாமான் ஈரமாக இருக்கிறதா, ஜாரில் அளவுக்கு மேல் போட்டுவிட்டோமா என்று பாருங்கள். பொடிக்குப் பாதி ஜார், ஈரமாக அரைப்பதற்கு முக்கால் ஜாருக்கும் குறைவு. அதற்கு மேல் போனால் எந்தப் பிளேடும் திணறும்.

மஞ்சள், சுக்கு, உருண்டை வெல்லம், ஃப்ரீசரில் கல்லாகிப் போன தேங்காய் இவற்றை முழுசாகப் போடாதீர்கள். சின்ன உரலிலோ அம்மிக் குழவியாலோ ஒரு தட்டுத் தட்டி, சின்னத் துண்டாக்கிப் போடுங்கள். பிளேடு பிழைத்துக்கொள்ளும். ஆறாத தக்காளி வெங்காயம் வதக்கலைப் போட்டு மூடி ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கியெறியும். முகத்தில் தெறித்தால் கண் போய்விடும். ஆறவிட்டு அரைக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை பரிசோதனை

பிளக் கழற்றின மிக்ஸி, காய்ந்த ஜார், நல்ல வெளிச்சம். இவை போதும்.

1. ஜாரைப் படுக்க வைத்து, அடியில் உள்ள கப்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிளேடு தடையில்லாமல் சுற்ற வேண்டும். கரகரவென்றாலோ, பிளேடு பக்கவாட்டில் ஆடினாலோ புஷ் தேய்ந்திருக்கிறது.

2. ஜாரில் பாதி தண்ணீர் ஊற்றி, பழைய செய்தித்தாள் மேல் அரை மணி நேரம் வையுங்கள். தாள் நனைந்தால் வாஷர் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. கசிகிற தண்ணீர் மிக்ஸியின் வயிற்றுக்குள் இறங்கினால் மோட்டாருக்கு ஆபத்து, ஷாக் அடிக்கவும் கூடும்.

3. அரைத்த பண்டத்தில் கறுப்பாகக் கோடு தெரிந்தால் அது தண்டிலிருந்து வருகிற அழுக்கு. அதைக் கொட்டிவிடுங்கள். குழந்தைக்குக் கூழ் அரைக்கிற ஜாராக இருந்தால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

4. டார்ச் அடித்துப் பிளேடின் ஓரத்தைப் பாருங்கள். பல் விழுந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா? அப்படியானால் மாற்றத்தான் வேண்டும். சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது கூடாது. உடைந்த துண்டு எங்கே போனது என்று யோசித்துப் பாருங்கள், வயிற்றுக்குத்தானே?

5. கப்ளரின் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா? மோட்டார் உறுமுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் வியாதி. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் இப்படி ஆனபோது, கொண்டுபோன கடையில் "மோட்டார் போயிடுச்சும்மா, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்களாம். அந்த அம்மாள் என்னிடம் வந்து சொன்னார். ஜாரைக் கவிழ்த்துப் பார்த்தால் கப்ளரில் ஒரு பல்லும் இல்லை! இன்னொரு கடையில் நூறு ரூபாய்க்கும் குறைவாக ஒரு கப்ளர் வாங்கிப் போட்டார். அதே மிக்ஸிதான் இன்றும் ஓடுகிறது.

ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி திடீரென்று நின்றுபோனாலும் பதறாதீர்கள். அதிகச் சுமையானால் தானே நின்றுகொள்கிற ஒரு பாதுகாப்பு அநேகமாக எல்லா மிக்ஸியிலும் உண்டு. பிளக்கைக் கழற்றி, ஜாரில் உள்ளதைக் குறைத்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மிக்ஸியின் அடியில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்துங்கள். மறுபடி ஓடும். அடிக்கடி இப்படி நின்றால் அதிகம் போடுகிறீர்கள் என்று அது சொல்கிறது.

சில மிக்ஸிகளில் பிளேடைக் கழற்றுவதற்கென்று ஒரு ஸ்பேனர் கொடுத்திருப்பார்கள். எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பரணில் போட்ட அந்தப் புத்தகத்தை இப்போது இறக்கிப் பாருங்கள். கழற்றுவதற்கு வழியில்லாமல் ஒரேயடியாகப் பொருத்தி வரும் ஜார்களில் நாமாக நோண்டாமல் கம்பெனி சர்வீஸுக்குக் கொடுப்பதே சரி.

பிளேடை வெளியே கொடுத்துத் தீட்டினால், எல்லா இறக்கையையும் ஒரே அளவு தீட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் எடை குறைந்தால் அந்த வேகத்தில் ஜாரே ஆட்டம் காணும், புஷ் தேய்ந்துவிடும். என் பெரியம்மா மகள் வீட்டுப் புல் வெட்டும் பிளேடுக்கும் இதே கணக்குத்தானாம். தீட்டின பிறகு, நடு ஓட்டையைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டிப் பார்ப்பார்கள். தராசு மாதிரி சமமாக நின்றால் சரி. ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். மழுங்கின பிளேடு புல்லை வெட்டாமல் பிய்த்துவிடும், மறுநாள் புல்லின் நுனியெல்லாம் பழுப்பாகிவிடும் என்றாள். நம் கீரைக்கும் அதே கதிதான்! மழுங்கின கத்தியால் நறுக்கின கீரை கசங்கிக் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்களே.

அரிவாள்மணையும் கத்தியும்

'கூரான கத்தி ஆபத்து' என்று நினைத்து, வேண்டுமென்றே மொக்கைக் கத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. புதிதாகச் சமையல் பழகுகிற பெண்ணுக்கு மொக்கைக் கத்தியைத்தான் கொடுப்போம். இது தலைகீழ். கூரான கத்தி தக்காளித் தோலில் வைத்ததும் இறங்கும். மொக்கைக் கத்தியை அழுத்த வேண்டும். அழுத்துகிறபோது வழுக்கும். வழுக்கினால் அது போகிற இடம் நம் இடது கை விரல். வெங்காயத்தையும் மொக்கைக் கத்தி நசுக்கித்தான் நறுக்கும், கண்ணீரும் அதிகம்.

கூர் பார்க்கக் கட்டை விரலைத் தடவாதீர்கள். பழுத்த தக்காளி ஒன்றை எடுத்து, அழுத்தாமல் கத்தியை இழுத்துப் பாருங்கள். தோல் பிளந்தால் கூர் இருக்கிறது. வழுக்கினால் தீட்டுகிற நேரம்.

வீட்டில் தீட்ட ஒரு சாணைக்கல் போதும், இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. கல்லைத் தண்ணீரில் நனைத்து, வழுக்காமல் இருக்க ஈரத் துணி மேல் வையுங்கள். கத்தியைக் கல் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பாதி சாயுங்கள். மறுபடி பாதி சாயுங்கள். அந்தச் சாய்வுதான் சரியான சாய்வு. அதே சாய்வில் அடியிலிருந்து நுனி வரை பத்து முறை, திருப்பிப் போட்டு மறுபக்கம் பத்து முறை. சொரசொரப்பில் முடித்து, வழவழப்பில் ஐந்தைந்து முறை. கழுவித் துடைத்துவிடுங்கள். கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பில்லாமல் இருக்கும் வளையத்தில் தீட்டலாம், அவசரத்துக்கு உதவும். ரம்பம் மாதிரி பல் உள்ள கத்தியை மட்டும் வீட்டில் தீட்ட முயல வேண்டாம்.

அரிவாள்மணையைச் சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதுதான் நல்லது. "சாணை பிடிக்கறதூ..." என்று சைக்கிளில் வருகிறவர்கள் குறைந்துவிட்டாலும், எங்கள் ஊரில் இன்னும் எப்போதாவது குரல் கேட்கிறது. கூப்பிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். தீப்பொறி பறக்கப் பறக்க அழுத்தித் தேய்த்தால் இரும்பு சூடேறி, ஓரம் நீலமாகிவிடும். நீலம் படிந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கூர் நிற்காது. "அண்ணே, தண்ணி தொட்டுத் தொட்டு மெதுவாப் பிடிங்க" என்று சொன்னால் அவரே சந்தோஷப்படுவார், விஷயம் தெரிந்த வீடு என்று.

இரும்பு அரிவாள்மணைக்கு எவர்சில்வரைவிட நல்ல கூர் வரும். ஆனால் துருப் பிடிக்கும். நறுக்கி முடித்ததும் துடைத்து, இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் தடவி வைப்பது என் மாமியார் சொல்லித் தந்த பழக்கம். வாழைப்பூ, வாழைக்காய் நறுக்கும்போது கைக்கு எண்ணெய் தடவுகிறோமே, அப்போதே கூருக்கும் ஒரு தடவல் தடவினால் கறை பிடிக்காது. எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் உடனே கழுவ வேண்டும், புளிப்பு இரும்பை அரிக்கும். லேசான துருவுக்குப் பழைய புளியும் கல் உப்பும் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, அடுப்புப் பக்கம் காய வைத்து, எண்ணெய் தடவுங்கள்.

"அரிவாள்மணையை நிமிர்த்தி வைக்காதே, படுக்கப் போடு" என்று அத்தை ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்வார். கீழே தவழ்கிற பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் வந்த விதி அது. படுக்கப் போட்டால் மட்டும் போதாது, கூரைப் பழைய சைக்கிள் டியூபாலோ, நீளவாக்கில் கீறின ரப்பர் குழாயாலோ மூடி வையுங்கள். கத்திகளைக் கரண்டிகளோடு ஒரே டப்பாவில் குத்தி வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் கத்தியைப் போட்டுவிட்டு, பிறகு கையை விட்டுத் தேடவும் வேண்டாம்.

வெட்டுப் பட்டுவிட்டால்?

எத்தனை கவனம் இருந்தாலும் ஒரு நாள் பட்டுவிடும். குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். 'நின்றுவிட்டதா?' என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். காப்பிப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள்பொடி எதையும் அப்ப வேண்டாம், காயத்தில் அழுக்குத்தான் சேரும், தையல் போடுகிற டாக்டருக்கும் கஷ்டம்.

பதினைந்து நிமிஷம் அழுத்தியும் நிற்காவிட்டால், காயம் வாய் பிளந்திருந்தால், விரல் மரத்துப் போனால், மடக்க முடியாவிட்டால் உடனே டாக்டரிடம் போகவேண்டும். ஆழமான வெட்டோ, அழுக்குப் பட்ட வெட்டோ என்றால் டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள். கடைசியாக எப்போது போட்டது என்று நமக்கு ஞாபகம் இருக்காது. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையிலேயே ஒரு ஓரத்தில் உங்கள் தேதியையும் எழுதி வையுங்களேன்.

விரல் நுனி துண்டாகவே போய்விட்டால், கடவுள் காக்க, அதைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஐஸ் மேல் நேரடியாக வைக்கக்கூடாது.

ஆயுத பூஜைக்கு மட்டுமா?

வருஷத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜைக்கு அரிவாள்மணையைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். மிக்ஸிக்கும் ஒரு பொட்டு வைக்கிறோம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தினவர்கள் சும்மா ஏற்படுத்தவில்லை. கழுவித் துடைத்து எடுத்தால்தானே பொட்டு வைக்க முடியும்? பராமரிப்புக்கே ஒரு நாள் குறித்து வைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வருஷத்துக்கு ஒரு நாள் போதாமல் போய்விட்டது, இப்போது நம் சாமான்கள் அத்தனை வேகமாகச் சுற்றுகின்றன.

ஆகவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள். தினம்: அரைத்ததும் கழுவி, கவிழ்த்து வைத்தல். வெள்ளிதோறும்: ரப்பர் வளையம், பிளேடின் அடி, அரிவாள்மணைக்கு எண்ணெய். மாசம் ஒரு முறை: ஜார் பரிசோதனை, கத்தி தீட்டல். ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அதன் தலைப்பில் பெரிய எழுத்தில் 'முதலில் பிளக்' என்று எழுத மறக்காதீர்கள்.

வளர்ந்த பெண்ணோ பையனோ இருந்தால் கூடவே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். நாளைக்கு வேலைக்கென்று வெளியூரில் தனியாக அடுப்பு வைக்கப் போகிறவர்கள்தானே அவர்கள். இந்த வெள்ளிக்கிழமையே ஜாரைக் கவிழ்த்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கப்ளரில் எத்தனை பல் மிச்சம் இருக்கிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்!